ஆலாக் கூடுகளுக்கு நான் நட்ட சிவப்புக் கொடிகள்

தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை ரோஸ்மேரிக்கு முழங்கால் மூட்டு மாற்றினார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மலேசியாவிலிருந்து கிளம்பிப் போனேன். போன இடத்தில் அவளுக்கு ஒரு டம்ளர் வெந்நீர்கூட நான் எடுத்துக் கொடுக்கவில்லை. வேறொரு காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை விட்டுவிட்டு அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன். எழுத வரவில்லை.

முதல் நாள் நல்லபடியாகத்தான் தொடங்கியது. மருத்துவமனைக்கு எதிரே ஒரு கடையில் புரோட்டா கேட்டேன். எங்கள் தைப்பிங்கில் ரொட்டி சானாய் மெத்தென்று வரும். பிய்த்துப் பருப்பில் தோய்த்துச் சாப்பிடுவோம். இங்கே எண்ணெயில் பொரித்து அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று கொண்டுவந்து வைத்தார்கள். நான் அதைக் கையில் எடுத்து முறுக்கு போலக் கடித்தேன். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நொறுக்கிப் போட்டு, சால்னாவ ஊத்தி, செத்த நேரம் ஊற விடணும். எந்த ஊரு நமக்கு?"

"மலேசியா."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, அவரே நொறுக்கிக் கொடுத்தார். பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

ரோஸ்மேரி அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊர்ப் பேச்சே அவளிடம் இப்போது இல்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே மகளைக் கூப்பிட்டாள். "ஏளா பிரின்ஸி, ஒங்க மாமாவ நீ வேலைக்குப் போற எடத்துக்குக் கூட்டிட்டுப் போயிரு. என் காலயே பாத்துட்டு உக்காந்திருக்காவ. எனக்குப் பயமாருக்கு."

பிரின்ஸி, புதிய ரயில் பாதை போடும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறாள். பாதை போகும் வழியில் உள்ள பறவை, விலங்கு, நீர்நிலை எதற்கும் சேதம் வராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போனவன். மாமாவுக்கும் மருமகளுக்கும் பேச நிறைய இருக்கும் என்று தங்கை நினைத்ததில் தவறில்லை.

அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். தைப்பிங் அடைமழைக்குப் பெயர் போன ஊர். குடை இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் வெயிலுக்குக் குடையை விரித்தேன். உப்பளங்களுக்குள் திரும்பியதும் கடற்காற்று ஒரு அடி அடித்தது. குடை மல்லாந்தது, ஸ்கூட்டர் வளைந்தது, இருவரும் வரப்பில் சாய்ந்தோம். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "ஏளா, தாத்தா பறக்கப் பாத்துருக்காரு" என்று ஒருத்தி சொன்னது தெளிவாகக் கேட்டது.

பாத்திகளுக்கு நடுவே மண் கொட்டி உயர்த்திய கரை நீளமாகப் போகிறது. அதன்மேல் சரளை பரப்பி அழுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்து ஜல்லி போட வேண்டும், பிறகு தண்டவாளம். ஆனால் ஓரிடத்தில் வேலை நின்றிருந்தது. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், நடுவில் ஆளரவம் இல்லாத சரளை மேடு. ஆலா என்னும் கடற்பறவைகளுக்கு அது தீவாகத் தெரிந்திருக்க வேண்டும். கறுப்புத் தொப்பியும் மஞ்சள் அலகும் கொண்ட சின்ன ஆலாக்கள். கூடு என்று எதுவும் கட்டாது. சரளையில் ஒரு சின்னக் குழி, அதில் புள்ளி போட்ட முட்டைகள். குனிந்து பார்த்தாலும் கல் எது, முட்டை எது என்று எனக்குத் தெரியவில்லை.

"குஞ்சு பொரிச்சு ஓடுற வரைக்கும் இந்தப் பகுதியில வேலை கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்கேன் மாமா" என்றாள் பிரின்ஸி. "முட்டை இருக்கிற வரைக்கும்தான் என் பேச்சு எடுபடும். முட்டை போயிடுச்சுன்னா மறுநாளே ஜல்லி வந்துரும்."

ஜல்லி போடும் வேலைக்குப் பொறுப்பான மேஸ்திரி கணபதி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. "முட்டை இருந்தா வேல நிக்கி, ஏன்னு மேல கேக்கான். முட்ட ஒடஞ்சா பாப்பா என்னய மொறைக்கா. நான் யாருக்குன்னு பதில் சொல்ல?" என்று என்னிடம் முறையிட்டார். பாப்பா என்றது பிரின்ஸியை.

கூடுகளுக்குக் காவலாக ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். செல்வராணி என்று பெயர். நாற்பதைத் தாண்டியவள், முன்பு உப்பளத்தில் வேலை பார்த்தவள். தார்ப்பாய்ப் பந்தலில் உட்கார்ந்து நாய் வந்தால் விரட்ட வேண்டும். மத்தியானம் அவள் தூக்குவாளியைத் திறந்ததும் முதல் பிடி சோற்றைக் கரையின் ஓரத்தில் ஒரு கல்லின்மேல் வைத்து, "யம்மா, வா" என்று கூப்பிட்டாள். ஒரு காக்கை வந்தது. அதன் ஒரு கால் மடங்கியிருந்தது. ஒற்றைக்காலில் தத்தித் தத்தி நடந்தது.

"எங்கம்மாய்யா" என்றாள் என்னிடம், உறவினரை அறிமுகப்படுத்துவது போல. "இந்த உப்பளத்துலயே கெடந்து காலு போச்சு அவளுக்கு. வருசம் திரும்புத வரைக்கும் தெனம் வைக்கணும்லா."

எங்கள் நாட்டில் சில ஊர்களில் தொல்லை தாங்காமல் நகராண்மைக் கழகமே காக்கைகளைச் சுட ஆள் வைக்கும் என்று சொன்னேன். பேச்சுக்காகத்தான் சொன்னேன். அவள் கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது.

"சுட்டா? அப்ப ஒங்க ஊர்ல செத்தவிய எப்படித்தான் சாப்பிடுவாவ?"

நான் கத்தோலிக்கன். எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் வழக்கம் இல்லை. நல்லவேளையாக அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

மறுநாள் காலை நாங்கள் போவதற்குள் ஒரு கூடு நசுங்கியிருந்தது. வேலை நின்ற பகுதியின் ஓரமாகத்தான் டிப்பர் லாரிகள் அடுத்த பக்கத்துக்குப் போகின்றன. பிரின்ஸி கட்டிய கயிற்றை ஒரு லாரி உரசிக்கொண்டு போயிருக்கிறது. ஓட்டுநர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "வெயிலு உப்புல பட்டு கண்ணுல அடிக்கி, அக்கா. கல்லுக்குள்ள கல்லு மாதிரி கெடந்தா எப்படித் தெரியும்?"

அங்கேதான் எனக்கு யோசனை பிறந்தது. ரயில் வேலை பார்க்கிறவன் சிவப்புத் துணியைக் கண்டால் நின்றுவிடுவான். அது கேள்வி கேட்காத பழக்கம். ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் ஒரு சின்னச் சிவப்புக் கொடி நட்டால்? பிரின்ஸி கொஞ்சம் தயங்கினாள். "இப்படி எங்கயும் பாத்ததில்லயே மாமா." நான் பறவைச் சங்கம் நடத்திய அனுபவத்தை எடுத்து விட்டேன். அவள் சரி என்றாள்.

ரோஸ்மேரியின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்தேன். பனை மட்டையைக் கீறிக் குச்சி செய்தேன். அன்று மாலைக்குள் எல்லாக் கூடுகளுக்கும் கொடி. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைகளை இறக்க வந்திருந்த வடநாட்டு இளைஞர்கள் இருவர் நின்று பார்த்து, இந்தியில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்னவென்று பிரின்ஸியைக் கேட்டேன். "கிழவர் பறவைகளுக்குக் கட்சி ஆரம்பித்துவிட்டார், அடுத்தது வேலைநிறுத்தம்தான்" என்கிறார்களாம். லாரிகள் நல்ல தூரம் விலகிப் போயின. கணபதி அண்ணாச்சியே, "படிச்ச மூளைன்னா சும்மாவா" என்றார். அன்று இரவு தங்கை எனக்கு நெத்திலி வறுத்துப் போடச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

இரண்டு நாள் கழித்து முட்டைகள் குறையத் தொடங்கின. இந்தக் கூட்டில் இல்லை, அந்தக் கூட்டில் ஓடு மட்டும். காக்கை வேலை என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கரை நெடுக ஓடி ஓடிக் காக்கை விரட்டினேன். ஆலாக்களுக்கு யார் எதிரி என்று தெரியவில்லை. காக்கையை விட்டுவிட்டு என் தலையில் வந்து கொத்தின.

கணபதி அண்ணாச்சி கல்லின்மேல் காய்ந்திருந்த பருக்கைகளைக் காட்டினார். "ஏ செல்வராணி, இதென்னளா? முட்டைக்குக் காவல் வச்சா, நீ காக்காயைப் பந்தி போட்டுக் கூப்புட்டிருக்க. சோத்துக்கு வந்தவன் தொட்டுக்கிட முட்டைய எடுத்துக்கிட்டான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வராணி அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டேன். அன்று காலையிலேயே, அவர்கள் யாரும் வருவதற்கு முன், ஒரு காக்கையைப் பார்த்திருந்தேன். அது சோற்றுக் கல்லின் பக்கம் போகவே இல்லை. ஒரு கொடியின் அடியில் இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. அங்கிருந்து அடுத்த கொடி. அதிலிருந்து அடுத்தது. வீட்டு எண் பார்த்துக் கடிதம் போடும் தபால்காரர் போல, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் போனது.

ஆனால் உறுதியாகத் தெரியாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு வைத்ததால் காக்கை வந்தது உண்மை. வந்த காக்கை கொடியைக் கற்றுக்கொண்டதும் உண்மையாக இருக்கலாம். அப்படியானால் யார் தவறு? பாதி அவளுடையது, பாதி என்னுடையதா? ஆசிரியனாக இருந்து பழகியவன், கணக்குப் போடுவதுபோல இதைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. அதற்குள் பிரின்ஸி, மேலிருந்து வந்த தொலைபேசிக்குப் பதில் சொல்லிவிட்டுச் செல்வராணியைத் தனியே கூப்பிட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றாள். செல்வராணி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள். நான் பந்தலுக்குள் இருந்தேன். கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் சோறு இல்லை. முட்டைகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, ஒரு கொடியைப் பிடுங்கி, முட்டையே இல்லாத வெறும் சரளையில் தூரமாக நட்டுவிட்டுப் பந்தலுக்குள் உட்கார்ந்தேன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வழிதான்: சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார். வெகுநேரம் ஆகவில்லை. காக்கை வந்தது. நேராக அந்தக் கொடிக்கே வந்தது. அடியில் கல்லைப் புரட்டியது, சுற்றி வந்தது, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் துணியைப் பிடித்து இழுத்தது. பிறகு ஒற்றைக்காலில் தத்தித் தத்தி நகர்ந்தது.

ஒரு கால் மடங்கிய காக்கை.

அது எழும்பிப் பறந்த பிறகும் நான் அந்த வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தெளிவு வரும் என்றுதான் சோதித்தேன். இன்னும் குழம்பிப் போனேன்.

பிரின்ஸியிடம் சொன்னேன். காக்கைக்கு வழிகாட்டியது கொடிதான், எனக்கு முன்பே சந்தேகம் இருந்தது என்று. "செல்வராணி அக்கா போறதுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் போய் எல்லாக் கொடிகளையும் பிடுங்கினாள். நான் உதவிக்குப் போனேன். "நீங்க உக்காருங்க மாமா" என்றாள், திரும்பிப் பார்க்காமல். அவள் சின்ன வயதிலிருந்து என்னை அப்படி உட்காரச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு கணபதி அண்ணாச்சியும் அவளும் பேசி ஒரு வழி செய்தார்கள். லாரி அந்தப் பகுதியைக் கடக்கும்போது, கூடுகள் இருக்கும் இடம் தெரிந்த ஓர் ஆள் முன்னால் நடக்க வேண்டும். அந்த ஆளின் பின்னால்தான் லாரி வரலாம். "அதுக்கு அந்தப் பிள்ளையவே கூப்பிடுங்க. நான் கொஞ்சம் கூடுதலாத்தான் பேசிட்டேன்" என்றார் அண்ணாச்சி.

செல்வராணியின் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். என் மடியில் யாருடையதோ ஐஸ் பெட்டி. உருகிய மீன் தண்ணீர் வேட்டி முழுக்க ஊறிவிட்டது. அந்தக் கோலத்தில்தான் அவள் வாசலில் போய் நின்றேன். அவள் வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"கொடி நட்டது நான். காக்கை அதப் பாத்துத்தான் முட்டைக்குப் போயிருக்கு. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. சொல்லல. மன்னிச்சுக்குங்க."

அவள் துணியைப் பிழிந்து கொடிக்கயிற்றில் போட்டாள்.

"வேல போனது கெடக்குய்யா. உப்பளத்துக்குப் போனா வேல தராமலா போயிருவாவ? நான் எங்கம்மாவ வைதேன். உசுரோட இருந்தப்ப ஒருத்தர் வீட்டுப் பொருளத் தொட்டதில்ல அவ. 'செத்த பொறவாளா களவாங்க வந்த, என் மானத்த வாங்க வந்த'ன்னு வைதேன். சோறு வைக்கல. நேத்து இந்த முருங்கையில வந்து உக்காந்து கத்துனா. கல்ல விட்டு எறிஞ்சேன்." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "அதுக்கு என்ன சொல்லுதிய?"

மடங்கிய காலைப் பற்றி நான் சொல்லவில்லை. கொடியைக் கண்டுபிடித்த காக்கை எது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டது அவள்மேல் இரக்கத்தாலா, அன்று பந்தலுக்குள் வாய் மூடி உட்கார்ந்திருந்த அதே கோழைத்தனத்தாலா? இதை எழுதும்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"வேலைக்கு வாங்கக்கா" என்றாள் பிரின்ஸி. லாரிக்கு முன்னால் நடக்கும் ஏற்பாட்டைச் சொன்னாள்.

"வாரேன்" என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா நாளைக்கு மத்தியானம் நீங்களும் வரணும். என்கிட்ட சொன்னதக் கொண்டு போயி எங்கம்மாகிட்ட சொல்லுங்க. அவ மேலதான பழி விழுந்துச்சு."

மறுநாள் எனக்கு ஊர் திரும்பும் நாள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போனேன். கொடிகள் போன பிறகு முட்டைகள் போவது நின்றிருந்தது. மிச்சக் கூடுகள் கொஞ்சம் இருந்தன. ஒன்றில் குஞ்சு வந்துவிட்டது என்று பிரின்ஸி காட்டினாள். எனக்குச் சரளை மட்டும்தான் தெரிந்தது. செல்வராணி கையை நீட்டி முன்னால் நடக்க, அவளுக்குப் பின்னால் ஒரு பெரிய டிப்பர் லாரி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் பிள்ளை போல மெல்ல ஊர்ந்து வந்தது.

லாரி போன பிறகு தூக்குவாளியைத் திறந்தாள். அதே கல்லைக் கழுவி, சோறு வைத்தாள். அன்று கூடவே ஒரு துண்டு கருவாடும் வைத்தாள். "யம்மா, வா" என்று கூப்பிட்டாள். என்னைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள்.

தூரத்தில் பந்தல் கம்பின்மேல் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது; அதன் கால் அங்கிருந்து தெரியவில்லை. சோற்றைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. இறங்கவில்லை. அவள் மறுபடி கூப்பிட்டாள். அது கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இன்னும் தள்ளிப்போய் உட்கார்ந்தது.

"ஒங்களப் பாத்துத்தான் வரமாட்டேங்கா" என்றாள் செல்வராணி. "குடைய வச்சு வெரட்டுன ஆளுல்லா நீங்க. மொகத்த மறக்கமாட்டா."

நான் குடையைக் கீழே வைத்தேன். அப்போதும் வரவில்லை. சோற்றில் எறும்பு ஏறத் தொடங்கியது.

"சரிய்யா, நீங்க போங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; அவசரமாகச் சொன்னாள். "நீங்க நின்னா அவ பட்டினிதான். திரும்பிப் பாக்காமப் போங்க."

கரையிலிருந்து இறங்கி உப்பள வரப்பில் நடந்தேன். காக்கையிடம் சொல்ல வந்தது என் வாயிலேயே இருந்தது. வெயில் உப்பில் பட்டுக் கண்ணில் அடித்தது. பின்னால் அவள் கூப்பிடும் குரல் கேட்டது, பிறகு இறக்கைச் சத்தம். வந்தது எந்தக் காக்கை என்று திரும்பினால் தெரிந்துவிடும். நான் திரும்பவில்லை. குடையை அங்கேயே விட்டு வந்துவிட்டேன் என்பது ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.